வாத்தியம் கற்றுக்கொண்டால் மனசு அந்த நொடியில் நிற்குமா?

“மியூசிக், டான்ஸ் கிளாஸ் போனால் மனசு அலைபாயாமல் அந்தந்த நொடியிலேயே இருக்கப் பழகுமா? அனுபவம் உண்டா?” என்று கேட்டிருக்கிறீர்கள். தானாகவெல்லாம் பழகாது. அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

சேலத்தில் ஒரு ஆடிட்டர் ஆபீசில் வேலை பார்க்கிறேன். 38 வயதில் மிருதங்கம் கற்கச் சேர்ந்தேன். அம்மாபேட்டையில் ஒரு மாடி வீடு. கூடப் படிப்பவர்கள் எல்லாம் ஐந்தாவது, ஆறாவது படிக்கிற வாண்டுகள். நான் அவர்களுக்கு ‘அங்கிள்’. பக்கத்து வீட்டில் விசைத்தறி. முதல் நாளே, ஜன்னலைச் சாத்தட்டுமா என்று கேட்டேன். “அது பாட்டுக்கு ஓடட்டும் தம்பி, நீங்க உங்க பாட்டுக்குப் போடுங்க” என்றார் வாத்தியார்.

ஆரம்பத்தில் கவனம் நன்றாகவே நின்றது. மிருதங்கத்தின் இடப் பக்கமான தொப்பியில் அப்புவதற்கு ரவையைத் தண்ணீர் விட்டுக் குழைப்பதே ஒரு வேலை. இளகிவிட்டால் வழுக்கும், பதம் தப்பினால் ‘தொம்’ எழும்பாது. பதம் விரலுக்கு மட்டும்தான் தெரியும் என்பதால் அந்த ரெண்டு நிமிஷம் வேறு நினைப்பே வராது.

பாடம் மனப்பாடம் ஆன பிறகுதான் சிக்கல். கை தானாக வாசிக்கும், மனசு ஜிஎஸ்டி ரிட்டர்னுக்குப் போய்விடும். 20-ஆம் தேதி நெருங்கினால் கேட்கவே வேண்டாம். வேகமாக வாசிக்கும்போது அலைய நேரம் இருக்காது. மெதுவாக வாசிக்கிற முதல் காலம்தான் ஆபத்து. ஒரு சொல்லுக்கும் அடுத்த சொல்லுக்கும் நடுவில் ஏற்காடு பஸ் 20 கொண்டை ஊசி வளைவும் ஏறி இறங்கிவிடும்.

என்னைக் காட்டிக் கொடுத்தது ஒரே ஒரு மாத்திரை, அதாவது தாளத்தில் எண்ணுகிற சின்ன அளவு. எட்டு எண்ணிக்கை கொண்ட ஆதி தாளத்தில், எண்ணிக்கைக்கு நாலு மாத்திரை வருகிற சதுச்ர நடையில், ஓர் ஆவர்த்தனத்துக்கு (தாளத்தின் ஒரு சுற்றுக்கு) 32 மாத்திரை. ‘ததிங்கிணதொம்’ ஐந்து மாத்திரை, மூன்று தடவை சொன்னால் 15. அது முடிந்து சமத்தில், அதாவது அடுத்த சுற்றின் முதல் தட்டில், வந்து விழ வேண்டுமென்றால் 17 மாத்திரை விட்டு எடுக்க வேண்டும். அதாவது தொடையில் ஒரு தட்டு, சுண்டு விரல், மோதிர விரல், நடு விரல் எல்லாம் எண்ணி, அடுத்த தட்டும் விழுந்து, அதற்கப்புறமும் ஒரு மாத்திரை பொறுக்கணும். எனக்குப் பொறுக்காது. தட்டு விழும்போதே எடுத்துவிடுவேன், ஒரு மாத்திரை முன்னாலேயே முடித்துவிட்டு முழிப்பேன்.

வாத்தியார் திட்ட மாட்டார். “எங்க போயிட்டு வந்தீங்க தம்பி?” என்பார். பதில் சொல்லியே ஆகணும், அதுவும் அத்தனை வாண்டுகள் முன்னால். “ஆபீசுக்கு சார்.” “லோன் டியூ சார்.” ஒரு பையன் “தட்டுவடை செட்டுக்கு சார்” என்றான். பிற்பாடு, அவர் கேட்பதற்கு முன்னாலேயே, மனசு கிளம்பும்போதே எனக்குத் தெரிய ஆரம்பித்தது. என்னைக் கேட்டால் மொத்த வகுப்பிலும் உருப்படியான பயிற்சி அந்தக் கேள்விதான். (போனில் தியான ஆப் போட்டுத் தூங்கியவன் சொல்கிறேன்.)

அந்த ஒரு மாத்திரைக்கு எண்ணிக்கை உதவவில்லை. உள்ளங்கை தொடையில் பட்டதும் ஒரு சுரீர் இருக்குமே, அது அடங்கும்வரை அதிலேயே இருந்து பார்த்தேன். அடங்கின இடத்தில் ‘த’ எடுத்தேன். சமத்தில் விழுந்தது. பத்துக்கு ஆறு தடவை விழுந்தாலே எனக்குப் பெரிசு.

தறிச் சத்தமும் இப்போது தொந்தரவாகவே தெரிவதில்லை என்று பெருமையாக நினைத்துக்கொண்டிருந்தேன். போன மாசம் எல்லோரும் சேர்ந்து சொல்லிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனது. தறி நின்றது. அடுத்த ஆவர்த்தனத்துக்குள் வாண்டுகள், நான் என்று ஒருத்தர் விடாமல் தாளம் கலைந்து ஆளுக்கொரு பக்கம் ஓடினோம்.

வாத்தியார் சிரித்துக்கொண்டே ஜன்னல் பக்கம் கையைக் காட்டினார். “ஏம்ப்பா, இத்தனை நாளா உங்களுக்கெல்லாம் தறிக்காரர்தான் தாளம் போட்டாரா?”