ஒட்டுத்துணியும் ஒட்டாத நிறமும்

அன்புள்ள அக்கா,

கல்லிடைக்குறிச்சியிலிருந்து எழுதுகிறேன். உங்களை ரொம்ப நாளாக வாசிக்கிறேன், எழுதுவது இதுதான் முதல் தடவை. பத்தமடைப் பாய் பற்றி நீங்கள் எழுதியிருந்ததைப் படித்ததும் தைரியம் வந்தது.

எனக்கு வயது 53. எதிர்வீட்டில் ஒரு தையல்காரம்மா இருக்கிறார்கள். ஜாக்கெட் வெட்டி மிஞ்சுகிற துண்டுகளைப் பை நிறையத் தருவார்கள். அவற்றைச் சேர்த்துக் கையாலேயே தைத்து விரிப்பு செய்கிறேன். வீட்டில் மெஷின் இருக்கிறது, தொடுவதில்லை. யூடியூப் பார்த்து மஞ்சள், பீட்ரூட், வெங்காயத்தோல் என்று சாயமும் போட்டுப் பார்த்தேன். போன மாதம் ஒரு முழு விரிப்பைத் தைத்து முடித்து, வெங்காயத்தோல் வேகவைத்த தண்ணீரில் முக்கினேன். சில துண்டுகள் நன்றாகப் பிடித்தன. சில அப்படியே வெளுப்பாக நின்றன. தையல் நூல் மட்டும் பளிச்சென்று வெள்ளையாகவே இருக்கிறது! மஞ்சள் போட்டது மாடிக் கொடியில் காய்வதற்குள் நிறமே போய்விட்டது.

அந்த விரிப்பில் ஒரு ரோஸ் துண்டு எங்கே வைத்தாலும் உட்காரவில்லை. மூன்று தடவை பிரித்தேன். கடைசியில் ஓரத்தில், கறுப்புக்குப் பக்கத்தில் வைத்ததும் அடங்கியது.

மகன், "இது என்னம்மா வேண்டாத சோலி, முந்நூறு ரூபாய்க்கு வீட்டுக்கே வந்துருமே" என்கிறான். மருமகள், "ஆன்லைன்ல விக்கலாமே அத்தை" என்கிறாள். இரண்டுமே எனக்குப் பிடிக்கவில்லை, ஏன் என்று சொல்லத் தெரியவில்லை. பார்த்துச் செய்கிற வேலைதானே, இதில் படைப்பு என்று ஏதாவது இருக்கிறதா?

அப்புறம் ஒன்று. எங்கள் ஆச்சியின் சுங்குடிச் சேலை பெட்டியில் இருக்கிறது. நடுவில் நைந்துவிட்டது. வெட்டலாமா?

ச.

அன்புள்ள ச.,

முதலில் சாயத்தைப் பேசிவிடுவோம். பெரிய கேள்விக்கு அப்புறம் வருகிறேன்.

உங்கள் துண்டுகளில் வெளுப்பாக நின்றவை பாலியஸ்டர், அல்லது பாலியஸ்டர் கலந்த துணி. வெங்காயத்தோல் என்ன, வீட்டில் வேகவைக்கிற எந்தச் செடியின் சாயத்தையும் அது சரியாக வாங்காது. ஜாக்கெட் துணியைத் தொட்டுப் பார்த்துக் கண்டுபிடிப்பது இந்தக் காலத்தில் சிரமம். ஒவ்வொரு துண்டிலிருந்தும் இரண்டு இழை உருவி, அங்கணத்தில் வைத்துத் தீக்குச்சி காட்டுங்கள். பருத்தி என்றால் காகிதம் எரிகிற வாசனை வரும், சாம்பல் விரலில் பொடிந்துவிடும். பாலியஸ்டர் தீயைக் கண்டதும் சுருண்டு உருகி, ஆறியதும் கெட்டியான மணியாக நிற்கும். சாம்பலும் மணியும் சேர்ந்து வந்தால் அது கலப்பு. மூன்றையும் தனித்தனிப் பையில் போட்டுவிட்டால் பிறகு ஏமாற்றம் இல்லை.

தையல் நூல் வெள்ளையாக நின்றதும் இதே காரணத்தால்தான். கடையில் கிடைக்கிற நூல்கண்டு பெரும்பாலும் பாலியஸ்டர். வங்காளத்தில் காந்தா, அதாவது பழஞ்சேலைகளை அடுக்கி ஓட்டத்தையல் போட்ட விரிப்பு, தைத்த பெண்கள் நூல் வாங்கவே இல்லை, பழஞ்சேலையின் கரையிலிருந்து இழை உருவிக்கொண்டார்கள். நம் வீட்டுப் பழைய பருத்தி வேட்டிக் கரையிலும் உருவலாம். ஒற்றை இழை அறுந்துவிடும், மூன்று நான்கைச் சேர்த்து முறுக்கி, மெழுகுவர்த்தித் துண்டில் ஒரு இழுப்பு இழுத்துக்கொண்டால் சிக்காமல் ஓடும். ஆனால் சாயம் போட்ட பிறகு தைப்பதாக இருந்தால்தான் அந்த மெழுகு. தைத்துவிட்டுச் சாயத்தில் முக்குவதென்றால் வேண்டாம், மெழுகு பட்ட இடத்தில் நிறம் ஏறாது. இன்னொன்றும் சொல்ல வேண்டும். பழுப்புத் துணியில் வெள்ளைத் தையல் வரிவரியாகத் தெரிவது அசிங்கம் என்று யார் சொன்னது? அடுத்த முறை பாலியஸ்டர் நூலை வேண்டுமென்றே எடுத்து, கோலம் போடுகிற மாதிரி தைத்துவிட்டு முக்கிப் பாருங்கள்.

மஞ்சளும் பீட்ரூட்டும் நம்ப முடியாதவை. மஞ்சள் எந்த உதவியும் இல்லாமல் உடனே பிடிக்கும், வெயில் பட்டால் அதே வேகத்தில் போய்விடும். சோப்பு பட்டால் சிவந்து வேறு போகும். பீட்ரூட் சட்டியில் காட்டுகிற நிறத்தைப் பருத்தியில் காட்டாது. வெங்காயத்தோல் பரவாயில்லை, மாதுளைத்தோல் அதைவிட நன்றாக நிற்கும். ஆனால் எதற்கும் முன்னேற்பாடு வேண்டும். துணியைச் சலவைச் சோடா போட்டுக் கொதிக்கவைத்துக் கஞ்சியையும் பசையையும் எடுத்துவிடுங்கள். பிறகு 100 கிராம் துணிக்கு 15 முதல் 20 கிராம் கடுக்காய்த்தூள் கரைத்த தண்ணீரில் ஊறவைத்து, அலசாமல் நிழலில் உலர்த்துங்கள். அதன்பின் 10 முதல் 15 கிராம் படிகாரத் தண்ணீர். இரண்டும் நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும். இதைச் செய்தால்தான் சாயம் பருத்தியைப் பற்றிக்கொள்ளும். வீடியோக்களில் இந்தப் பகுதியை வேகமாக ஓட்டிவிடுவார்கள், பார்க்க சுவாரஸ்யமாக இருக்காது என்பதால்.

சுவாரஸ்யம் வேண்டுமென்றால் கறுப்பு செய்யுங்கள். பழைய டப்பாவில் துருப்பிடித்த ஆணி, லாடம், தாழ்ப்பாள் என்று கிடைத்ததைப் போட்டு, கருப்பட்டி கரைத்த தண்ணீரை ஊற்றி இரண்டு வாரம் மூடி வையுங்கள். நுரைத்துப் புளித்து ஒரு வாடை வரும், தார்சாவில் வைக்காதீர்கள், வீட்டில் சண்டை வரும். வடிகட்டினால் தேநீர் நிறத்தில் ஒரு தண்ணீர். அதில் கடுக்காய் ஊறிய மஞ்சள் துணியை விடுங்கள். விட்ட கணமே ஓரத்திலிருந்து சாம்பல் நிறம் ஏறும், நீங்கள் புரட்டிப் பார்ப்பதற்குள் இருண்டு, காற்றில் விரித்தால் இன்னும் ஆழமாகும். கடுக்காயின் துவர்ப்பும் இரும்பும் சேர்ந்து செய்கிற வேலை இது. துணியில் கையால் வரைகிற கலம்காரிக் கோடுகளின் கறுப்பும் இதே வழியில் வருவதுதான். ஒரே எச்சரிக்கை, இரும்பு அதிகமானால் துணி இற்றுப்போகும். முக்கி எடுத்ததும் நன்றாக அலசிவிடுங்கள்.

நம் பக்கத்துச் செடிகளையும் விட்டுவிடாதீர்கள். மஞ்சணத்தி எங்கேயும் நிற்கிறது, அதன் வேர்ப்பட்டை படிகாரத்தோடு சிவப்பு தரும். மரத்தையே சாய்த்துவிடாதீர்கள், யாராவது தோட்டத்தில் வேரோடு பிடுங்கிப் போடும்போது கேட்டு வாங்கலாம். கடற்கரை மணலில் வளர்கிற இம்பூரல், அதாவது சாயவேர், ஒரு காலத்தில் சோழமண்டலக் கரைத் துணிகளின் சிவப்புக்கே பேர்போனது. அப்படிச் சிவந்த துணிகள் கப்பலேறிக் கடல் கடந்து போயிருக்கின்றன. அந்தச் சிவப்பைத் தருகிற அலிசரினை 1860-களின் கடைசியில் ஆய்வுக்கூடத்திலேயே செய்யத் தெரிந்துகொண்டார்கள், வேர் தோண்டியவர்களின் பிழைப்பு போயிற்று. 1897-ல் செயற்கை நீலமும் சந்தைக்கு வந்ததும் அவுரித் தோட்டங்களுக்கும் அதே கதி. நீலம் வேண்டுமென்று நாட்டு மருந்துக் கடையில் அவுரி இலை கேட்டால் கவனம். தூத்துக்குடிப் பக்கம் வயிற்றுக்குக் கொடுக்கிற சென்னா இலையையும் அவுரி என்றே சொல்கிறார்கள். அதை எத்தனை நாள் ஊறவைத்தாலும் நீலம் வராது.

சரி, உங்கள் கேள்வி.

இதில் படைப்பு இருக்கிறதா என்று கேட்டுவிட்டு, விடையையும் நீங்களே வீட்டுக்கதை சொல்கிற மாதிரி நடுவில் எழுதிவிட்டீர்கள். அந்த ரோஸ் துண்டைத்தான் சொல்கிறேன். மூன்று தடவை ஏன் பிரித்தீர்கள்? பிரிக்காவிட்டாலும் விரிப்பு விரிப்பாகத்தான் இருந்திருக்கும், படுத்தால் உறுத்தியிருக்காது. ஏதோ சரியில்லை என்று கண் சொல்கிறது, என்ன என்று வாயால் சொல்லத் தெரியாமலே கை பிரிக்கிறது. கறுப்புக்குப் பக்கத்தில் வைத்ததும் அடங்கியது என்கிறீர்களே, அந்த அடக்கத்தை எந்த வீடியோவும் சொல்லித்தர முடியாது. தையலைப் பார்த்துச் செய்யலாம். அந்தத் துண்டுக்கு அந்த இடம் என்பதைப் பார்த்துச் செய்ய வழியில்லை, ஏனென்றால் உங்கள் பையில் இருக்கிற துண்டுகள் வேறு யார் பையிலும் இல்லை.

அதற்காகக் கம்பராமாயணமும் கால்மிதியும் ஒன்றுதான் என்று பேச எனக்கு மனமில்லை. இப்போது அப்படிப் பேசுவது வழக்கமாகிவிட்டது, கேட்கவும் குளிர்ச்சியாக இருக்கிறது. விரிப்பின் எல்லை சின்னது. பச்சை வேண்டுமென்றால் உங்கள் தெருவில் யாராவது பச்சை ஜாக்கெட் தைக்கக் கொடுத்தாக வேண்டும். ஆனால் அந்தச் சின்ன எல்லைக்குள் முடிவு முழுக்க உங்களுடையது. குழம்பில் அப்படி முடியுமா? அவருக்குக் காரம் ஆகாது, இவனுக்குக் கத்திரிக்காய் ஆகாது என்று நாலு பேர் வந்து நிற்பார்கள். ரோஸ் துண்டை எங்கே வைப்பது என்று மட்டும் உங்கள் வீட்டில் யாரும் வாய் திறக்கவில்லை, யாருக்கும் அது பொருட்டாகவே படவில்லை. அதுதான் உங்களுக்குக் கிடைத்த வசதி. மகன் வேண்டாத சோலி என்று சொல்லும்வரை நீங்கள் பத்திரமாக இருக்கிறீர்கள். அவனுக்கு அதில் அக்கறை வந்துவிட்டால், "ரோஸ் நடுவுலதாம்மா நல்லாருக்கும்" என்று ஆரம்பிப்பான்.

மருமகளின் யோசனை பிடிக்காமல் போனதற்கும் காரணம் அதுவாகத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். விற்க ஆரம்பித்தால், "போட்டோவில் இருந்த மாதிரியே இன்னொன்று, ஆனால் ரோஸ் இல்லாமல்" என்று ஆர்டர் வரும்.

பணத்துக்குத் தைப்பது மட்டம் என்று இதை எடுத்துக்கொள்ள வேண்டாம். 1820-களில் மிஷனரியாக வந்த மார்த்தா மால்ட் நாகர்கோவிலில் பெண்களுக்கு லேஸ் பின்னச் சொல்லிக்கொடுத்தார். அவர் மகள் எலைசா 1844-ல் கால்டுவெல்லை மணந்து இடையன்குடிக்கு வந்தபோது லேஸ் வேலையும் நம் தேரிக்காட்டுப் பக்கம் வந்து சேர்ந்தது. மாதிரிகள் சீமையிலிருந்து வந்தவை. இழை பிசகாமல் பின்னிய கைகள் இந்த ஊர்ப் பெண்களுடையவை. கையில் காசு பார்த்திராத பெண்களுக்கு அது காசு கொடுத்த வேலை. இன்றைக்கும் எத்தனையோ வீடுகளில் பெண்கள் டெய்லர் கடையிலிருந்து ஜாக்கெட்டுகளை வாங்கி வந்து காஜா எடுத்து, ஹூக் வைத்து, எம்மிங் பண்ணிக் கொடுக்கிறார்கள். சேலைக்கு ஃபால்ஸ் தைக்கிறார்கள். தையலின் சீரில் நீங்களும் நானும் அவர்கள் பக்கத்தில் நிற்க முடியாது. எண்ணிக்கைக்குத்தான் கூலி என்பதால் நிமிர நேரமில்லை, ஹூக்கை அரை விரல் தள்ளி வைத்துப் பார்க்கலாமே என்று யோசிக்கவும் இடமில்லை. உங்களுக்கு அந்த இடம் இருக்கிறது. பணம் தேவைப்படாதவரை அதை விற்காதீர்கள். தேவை வந்தால் தாராளமாக விற்றுக்கொள்ளுங்கள், ஆனால் ஏற்கெனவே தைத்ததை மட்டும். ஆர்டர் வாங்காதீர்கள்.

இனி ஆச்சி சேலை. வெட்ட வேண்டாம், வெட்டாமலே ஆகும். கர்நாடகத்தின் வட கன்னட மாவட்டத்தில் சித்தி என்கிற ஆப்பிரிக்க வம்சாவளிச் சமூகத்துப் பெண்கள் கவந்தி என்று ஒரு விரிப்பு தைக்கிறார்கள். ஒரு பழஞ்சேலையை அடியில் விரித்துக்கொண்டு, அதன் மேல் துண்டுகளை வைத்து, ஓரத்திலிருந்து உள்நோக்கிச் சுற்றிச் சுற்றி நூலோட்டிக்கொண்டே வருவார்கள். சட்டம் கிடையாது, முன்கூட்டி வரைந்த படம் கிடையாது. துண்டின் ஓரத்தை விரலால் மடித்துவிட்டுக்கொண்டே தையல் நகரும். நடுவில் வந்து முடியும்போதுதான் அது என்ன ஆயிற்று என்று அவர்களுக்கே தெரியும். மூலைகளில் மட்டும் முக்கோணமாக மடித்த துணியை அடுக்கிப் பூ வைப்பார்கள். தையல் என்னவோ புதுச் சாரம் (லுங்கி) மூட்டுகிற அதே ஓட்டத்தையல்தான். நம் ஊரிலும் பழஞ்சேலையை நான்காக மடித்துத் தைத்துப் பிள்ளைக்கு விரித்திருக்கிறார்கள், துணிக்குப் பஞ்சம் இருந்த காலம் அது.

சுங்குடியை அப்படி அடித்துணியாக மடித்துப் போடுங்கள். சேலை நைவது உட்கார்ந்து எழுகிற பாகத்தில்தான், முந்தியும் கரையும் கெட்டியாக இருக்கும். நைந்த பாகம் உள்ளே போகிற மாதிரி மடித்து, முந்தியை வெளியே தெரிய விடுங்கள். கையால் முடிச்சுப் போட்ட சுங்குடியா, அச்சடித்ததா என்றும் பார்த்துவிடுங்கள். முடிச்சுப் போட்டதில் எந்த இரண்டு புள்ளியும் ஒன்றுபோல இருக்காது. தைப்பதற்கு முன் வெள்ளைத் துணி ஒன்றை நனைத்துச் சேலையின் மேல் அழுத்தி எடுங்கள். சாயம் ஒட்டினால் பழைய சுங்குடி இன்னும் இறங்குகிறது என்று அர்த்தம். அப்படியானால் வெளிர்நிறத் துண்டுகளை அதன் மேல் வைக்காதீர்கள். முடிந்த பிறகு பச்சைத் தண்ணீரில் தனியாக அலசி நிழலில் போடுங்கள். வாஷிங் மெஷின் பக்கம் போகவே கூடாது, இதை மகனிடமும் மருமகளிடமும் இப்போதே சொல்லிவையுங்கள்.

அன்புடன்,
அக்கா