வர்க்கக் காரணியற்ற எண்களுக்கு இடையே எவ்வளவு இடைவெளி? சில கேள்விகள்

கேள்வி: வர்க்கக் காரணியற்ற எண் ஒன்றுகூட இல்லாத வரிசையை நாமே அமைக்கலாமா?

பதில்: வர்க்கக் காரணியற்ற எண் என்றால் எந்தப் பகா எண்ணின் வர்க்கத்தாலும் (4, 9, 25...) வகுபடாத எண். அது ஒன்றுகூட வராத தொடர் எண்களை எவ்வளவு நீளத்துக்கும் அமைக்கலாம், சீன மீதித் தேற்றம் போதும்: பொதுக் காரணியற்ற வகுஎண்களுக்கு நாம் கேட்கும் மீதிகளைத் தரும் எண் எப்போதும் உண்டு என்கிறது அது. அடுத்தடுத்த மூன்று எண்கள் முறையே 4, 9, 25 ஆல் வகுபடட்டும் என்று நிபந்தனை வையுங்கள். 900க்குள் ஒரே விடை: 548, 549, 550. ஆனால் இதற்கு வெகு முன்பே 48, 49, 50 வந்துவிடுகிறது. எந்த வர்க்கம் எங்கே விழவேண்டும் என்று முன்கூட்டியே கட்டிப்போடுவதால் இந்த முறை மிகச்சிறிய விடையைத் தருவதில்லை. ஐந்து எண்களுக்கு முதல் வரிசை 844 முதல் 848 வரை. ஆறுக்கு 22020 முதல் 22025 வரை. இதில் 22021ஐ வீழ்த்துவது 19இன் வர்க்கமான 361. இப்படிப் பெரிய பகா எண்கள் எதிர்பாராமல் வந்து விழுவதுதான் இத்துறையின் முழுச் சிக்கலும்.

கேள்வி: லட்சம் கோடிக்கு அருகே என் கணினி நிரல் தவறான இடைவெளிகளைக் காட்டுகிறதே?

பதில்: லட்சம் கோடியின் வர்க்கமூலம் 10 லட்சம், ஆகவே அதுவரையுள்ள பகா எண்கள் அனைத்தும் (78,498) சல்லடைக்கு, அதாவது அவற்றின் வர்க்கங்களின் மடங்குகளை நீக்குவதற்கு, தேவை. 46,341இன் வர்க்கமே 32 பிட் குறியுடைய முழுஎண்ணில் அடங்காது. 64 பிட்டுக்கு மாறுங்கள். தனி எண்ணைச் சோதிக்கும்போது கனமூலம் வரையுள்ள பகா எண்களால் வகுத்தால் போதும். ஆனால் மிஞ்சுவது முழு வர்க்கமா என்றும் பார்க்க வேண்டும். இதை விட்டால் 2209 (47 × 47) தப்பிவிடும்: கனமூலம் 13ஐச் சற்றே தாண்டுகிறது, 13 வரையுள்ள எந்தப் பகா எண்ணும் அதை வகுக்காது.

கேள்வி: இடைவெளிக்கு மேல்வரம்பு நிறுவுவது ஏன் இவ்வளவு கடினம்?

பதில்: ஒரு துண்டுத் தொடர் எண்களில் வர்க்கக் காரணியற்றது ஒன்றாவது மிஞ்சும் என்று காட்ட, அடிபடுபவற்றை எண்ணுகிறோம். ஒரு பகா எண்ணின் வர்க்கம் அந்தத் துண்டில் அடிக்கும் எண்கள், அதாவது அதன் மடங்குகள், அதிகபட்சம் 'நீளம் ÷ வர்க்கம்' கூட்டல் ஒன்று. பகா வர்க்கங்களின் தலைகீழிகளைக் கூட்டினால் சுமார் 0.452 தான், ஆகவே முதல் உறுப்பால் பாதி எண்கள்கூடப் போகாது. தொல்லை தருவது அந்த ஒன்று. துண்டைவிடப் பெரிய பகா எண் ஒவ்வொன்றும் ஆளுக்கொரு எண்ணை அடிக்கலாம் என்று வைத்தால், வர்க்கமூல அளவிலான வரம்போடு நின்றுவிடுவோம்: x என்ற எண்ணுக்கு அருகே இடைவெளி x இன் 1/2 அடுக்கு அளவு. கணிதவியலாளர் ரோத் 1951இல் இந்த அடுக்கை 3/13 ஆக்கினார். 1992இல் ஃபிலசேட்டாவும் டிரிஃபோனோவும், மடக்கைக் காரணி ஒன்றுடன், 1/5 வரை இறக்கினார்கள். அபாரமான வேலை, பகுமுறைக் கருவிகள் இல்லாமல், வேறுபாடுகளைக் கொண்டே சாதித்தது. ஏபிசி அனுமானம் (a + b = c ஆகும் எண்களின் பகாக் காரணிகள் பற்றிய ஊகம்) உண்மையானால் எவ்வளவு சிறிய அடுக்கும் போதும் என்று கிரான்வில் 1998இல் காட்டினார்.

கேள்வி: வர்க்கக் காரணியற்றவை தொடர்ந்து எத்தனை வரலாம்?

பதில்: மூன்றே. 33, 34, 35 போல. நான்கு தொடர் எண்களில் ஒன்று 4ஆல் வகுபட்டே தீரும்.