வைகாசி வெயிலை நம்பிக் கன்று வைக்கலாமா?

கேள்வி: கும்பகோணத்திற்கு வெளியே, முன்பு நஞ்சையாக இருந்த இடத்தில் மனை வாங்கி, மூன்று அடி உயரத்திற்குக் கிராவல் அடித்து, இரண்டு ஆண்டுகளுக்கு முன் மாடி வீடு கட்டினோம். வாசல் தெற்குப் பார்த்தது. வடக்கே கொல்லைப்புறத்தில் கிழக்கு மேற்காக 30 அடியும் தெற்கு வடக்காக 40 அடியும் காலியிடம் இருக்கிறது. நாள் முழுவதும் நல்ல வெயில் விழுகிறது. சென்ற ஆண்டு வைத்த எலுமிச்சையும் இரண்டு பப்பாளியும் கார்த்திகை மழைக்குப் பின் வாடிப் பட்டுப்போயின. கறிவேப்பிலை மஞ்சளாகவே நிற்கிறது. இப்போது நாற்றுப்பண்ணைக்காரர் ஒருவர் மா, சப்போட்டா, நெல்லி, கொய்யா, எலுமிச்சை, ரம்புட்டான், வெண்ணெய்ப்பழம் எல்லாம் சேர்ந்த 30 கன்றுகளின் தொகுப்பையும் இரண்டு லோடு செம்மண்ணையும் இறக்கித் தருவதாகச் சொல்கிறார். கன்னி மூலையில் தென்னை வைக்க வேண்டும் என்று வீட்டுப் பெரியவர்கள் வற்புறுத்துகிறார்கள். எந்தக் கன்றை எங்கே வைப்பது? மறுபடியும் பட்டுப்போகுமோ என்று பயமாக இருக்கிறது.

பதில்: அன்புள்ள சகோதரி, தொகுப்பை வாங்க வேண்டாம். உங்கள் கொல்லை 1,200 சதுர அடி, அதாவது மூன்று சென்டுக்கும் குறைவு. மாவுக்குப் பழைய முறையில் 10 மீட்டர் இடைவெளி விடுவார்கள். அந்தக் கணக்கில் ஒரே ஒரு மாமரம் உங்கள் கொல்லை முழுவதையும் எடுத்துக்கொள்ளும். சப்போட்டாவும் பரந்து வளர்ந்து அடர்ந்த நிழல் விழுத்தும் மரம். ரம்புட்டான் நீலகிரி அடிவாரத்துக் கல்லாறு போன்ற ஈரமான மலைச்சரிவுகளிலும், வெண்ணெய்ப்பழம் கீழ்ப்பழனி மலையின் தடியன்குடிசைப் பக்கத்திலும் செழிப்பவை. கும்பகோணத்துச் சித்திரைக் காற்றில் இரண்டு ஆண்டுகள் இலை கருகி நின்றுவிட்டு மூன்றாம் ஆண்டு போய்விடும். இது அந்த வியாபாரிக்குத் தெரியாததன்று. அவர் விற்பது தோட்டத்தை அன்று, பண்ணையில் தேங்கி நிற்கும் கன்றுகளின் கணக்கை. முப்பது கன்றுக்கு எத்தனை அடி இடம் வேண்டும் என்று அவர் உங்களிடம் ஒரு முறையாவது கேட்டாரா?

நீங்கள் கேட்டிருக்க வேண்டிய கேள்வி வேறு. 'நாள் முழுவதும் நல்ல வெயில்' என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் கடிதம் வைகாசியில் எழுதப்பட்டது. சித்திரை முதல் வாரத்தில் சூரியன் கும்பகோணத்துக்கு நேர் உச்சியைக் கடந்து வடக்கே போகிறது. ஆவணி முதல் பத்து நாளுக்குள் மறுபடியும் உச்சியைக் கடந்து தெற்கே திரும்புகிறது. இடைப்பட்ட இந்த நான்கு மாதங்களில் மட்டும் நண்பகல் வெயில் வடக்கிலிருந்து வருகிறது. ஆகவே வீட்டுக்கு வடக்கே உள்ள கொல்லை இப்போது பளிச்சென்று இருப்பதில் வியப்பில்லை. மற்ற எட்டு மாதங்களும் சூரியன் தெற்கே சாய்ந்திருக்க, வீட்டின் நிழல் கொல்லைக்குள்தான் விழும்.

எவ்வளவு விழும் என்பதைக் கணக்கிட்டே சொல்லலாம். மாடிக் கைப்பிடிச் சுவரோடு சேர்த்து வீட்டின் உயரம் 24 அடி என்று வைத்துக்கொள்கிறேன். நண்பகல் நிழல் புரட்டாசித் தொடக்கத்தில் 4 அடிக்குள் அடங்கும். ஐப்பசி நடுவில் 11 அடிக்கு வரும். மார்கழியில் 16 அடியைத் தொடும். மாசி நடுவில்தான் 8 அடிக்குத் திரும்பும். காலையிலும் மாலையிலும் இதைவிட நீளம். நம் ஊர் அட்சரேகையில் மார்கழி நண்பகல் நிழல் எந்தப் பொருளுக்கும் அதன் உயரத்தில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டால், சுற்றுச்சுவர், தண்ணீர்த் தொட்டி, பக்கத்து வீட்டு மாடி எல்லாவற்றுக்கும் நீங்களே அளந்துவிடலாம். ஆடியில் விதைத்து ஆவணியில் நடும் கத்தரியும் மிளகாயும் காய்க்க வேண்டிய காலம் ஐப்பசி முதல் தை வரை. வீட்டுக்கு அருகே, சமையலறைக் கதவிலிருந்து எட்டிப் பறிக்கலாம் என்ற ஆசையில், முதல் 16 அடிக்குள் பாத்தி போட்டவர்களின் செடி இலையாகவே வளர்ந்து பூவை உதிர்ப்பது இதனால்தான். அவர்கள் உரக்கடைக்குப் போய்ப் பூ உதிர்வுக்கு டானிக் கேட்கிறார்கள். கடைக்காரரும் கொடுக்கிறார். நிழலுக்கு டானிக் கிடையாது.

மார்கழி வரை காத்திருந்துதான் இதைப் பார்க்க வேண்டும் என்பதில்லை. ஆனிப் பௌர்ணமியன்று நள்ளிரவில் கொல்லைக்கு வாருங்கள். அந்த மாதத்து முழுநிலவு ஏறத்தாழ மார்கழிச் சூரியன் செல்லும் பாதையிலேயே, தெற்கே சாய்ந்து செல்லும். அப்போது தரையில் விழும் வீட்டு நிழல்தான் மார்கழி நண்பகலில் விழப்போகும் நிழல். ஆண்டுக்கு ஆண்டு இரண்டு மூன்று அடி முன்பின்னாக இருக்கலாம், அவ்வளவே. நிழலின் விளிம்பில் நான்கு குச்சிகளை அடித்து ஒரு கயிற்றைக் கட்டிவிடுங்கள். மண் பரிசோதனைக்கு முன்னால் இந்தக் கயிற்றைக் கட்டச் சொல்கிறேன் என்று என்னைப் பலர் கேலி செய்வதுண்டு. மண்ணை மாற்றலாம், தண்ணீரை மாற்றலாம், வீட்டை நகர்த்த முடியாது என்பதே என் பதில்.

கயிற்றுக்குத் தெற்கே, வீட்டை ஒட்டிய பகுதி வீண் போகாது. வைகாசி, ஆனியில் மஞ்சள் நட்டால் தையில் வெட்டலாம். நிழல் நீளும் மாதங்களில் அது பெரும்பாலும் கிழங்கு கட்டிக்கொண்டிருக்கும். சேனைக்கிழங்கும் சேப்பங்கிழங்கும் பாதி நிழலில் நன்றாகவே விளையும். வெற்றிலைக்கும் கற்பூரவள்ளி மூலிகைக்கும் இதுவே இடம். மஞ்சள் எடுத்தபின் பங்குனியில் வெயில் அந்தத் துண்டுக்குத் திரும்பிவிடும். அப்போது மேலே ஒரு தென்னங்கீற்றைப் போட்டுத் தண்டுக்கீரையும் சிறுகீரையும் விதையுங்கள்.

கயிற்றுக்கு வடக்கே அடுத்த 14 அடி காய்கறிக்கு உரியது. வெண்டை, கத்தரி, மிளகாய், தக்காளி எல்லாம் இங்கேதான். பந்தல் அவரை ஆடியில் விதைத்தாலும் பகல் குறுகும் மாதங்களில்தான் பூக்கும் என்பதால், மார்கழி வெயில் அதற்குக் கட்டாயம் வேண்டும். பந்தலை இந்தப் பகுதியின் வடக்கு ஓரமாகப் போட்டால் அதன் நிழல் காய்கறிப் பாத்தியில் விழாது. கடைசி 10 அடி மரங்களுக்கு. வடக்கு மதிலிலிருந்து 5 அடி உள்ளே தள்ளி, ஒன்றுக்கொன்று 10 அடி இடைவெளியில் மூன்று மரங்கள். அதற்கு மேல் ஒன்று கூட வேண்டாம். அவற்றின் மார்கழி நிழல் மதிலுக்கு அப்பால் போய்விடும்.

மேற்கு ஓரத்தில் முருங்கை வையுங்கள். சித்திரை மாதத்துப் பிற்பகல் வெயிலைப் பாத்திகளுக்குச் சற்றே தணித்துக் கொடுக்கும். பெரியகுளத்தில் உருவான பி.கே.எம் 1 என்ற முருங்கை இரகத்தின் விதையை நேரடியாக ஊன்றி, இரண்டரை அடி உயரத்தில் நுனியைக் கிள்ளிவிட்டால் கைக்கு எட்டும் உயரத்தில் கிளைக்கும். மழைக்காலத்தில் கம்பளிப்புழு ஏறும் மரம் என்பதால் சன்னல் ஓரத்தில் மட்டும் எப்போதும் வைக்காதீர்கள். நடுவில் லக்னோ 49 கொய்யா, கிழக்கு ஓரத்தில் எலுமிச்சை. மாவை விட மனமில்லை என்றால் கொய்யாவின் இடத்தில் வையுங்கள். ஆனால் ஒவ்வோர் ஆண்டும் காய் இறங்கியவுடன் கிளைகளை வெட்டிக் குறுக்க வேண்டும். வெட்டக் கை கூசுகிறவர்கள் சிறிய மனையில் மா வைக்கக் கூடாது.

தென்னை பற்றிப் பெரியவர்களிடம் இப்படிச் சொல்லுங்கள். வாஸ்துவுக்குள் நான் நுழையவில்லை. உங்கள் கொல்லையின் தென்மேற்கு மூலை வீட்டுச் சுவரை ஒட்டியது. அங்கே வைக்கும் தென்னை வெளிச்சத்தைத் தேடி வளைந்து வளரும், காயும் மட்டையும் நடமாடும் இடத்தில் விழும். தென்னைக்கு 25 அடி இடைவெளி வேண்டும். உங்களிடம் அது இல்லை. 2018 நவம்பரில் கஜா புயல் பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கத்தில் சாய்த்த தென்னைகளைப் பார்த்த எவரும் மாடி வீட்டுச் சுவரை ஒட்டித் தென்னை வைக்கத் துணியமாட்டார்கள்.

இனி, சென்ற ஆண்டுச் செடிகள் ஏன் பட்டன என்பதற்கு வருகிறேன். நெல் விளைந்த நஞ்சையில் ஆண்டுதோறும் சேறு அடித்து உழுததால், மேல்மண்ணுக்குக் கீழே தண்ணீர் இறங்காத இறுகிய தளம் ஒன்று உருவாகியிருக்கும். அதன்மேல் கிராவலை அடித்துத் திமிசு போட்டிருக்கிறீர்கள். அந்தக் கிராவலில் வெட்டிய குழி மழைக்காலத்தில் ஒரு வாளிதான். எலுமிச்சையும் பப்பாளியும் வேரடியில் தண்ணீர் நிற்பதைப் பொறுக்காதவை. செடி தண்ணீர் இல்லாமல் வாடுவதைப் போலவே தண்ணீரில் மூச்சுமுட்டியும் வாடும். அதைப் பார்த்து மேலும் ஒரு குடம் ஊற்றியிருப்பீர்கள் என்று ஊகிக்கிறேன். இரண்டு அடிக் குழி வெட்டி, நிறையத் தண்ணீர் ஊற்றி, அது வற்றியதும் மறுபடி நிரப்பிவிட்டு, மறுநாள் காலையில் பாருங்கள். தண்ணீர் நின்றால் குழியில் நடுவதை மறந்துவிட்டு, ஒன்றரை அடி உயரமும் ஆறு அடி அகலமும் கொண்ட மேடு கட்டி அதன் உச்சியில் நட வேண்டும்.

செம்மண் லோடு இதற்குத் தீர்வாகாது. லாரியில் வரும் செம்மண் பெரும்பாலும் ஆழத்தில் தோண்டிய அடிமண். நிறம் இருக்கும், மக்கிய சத்து இருக்காது. அந்தப் பணத்தில் பாதிக்குத் தொழு உரமும், கிடைத்தால் ஏரி வண்டலும் வாங்குங்கள். அதற்கும் முன்பாகக் கிராவலைக் கடப்பாரையால் ஓர் அடி ஆழத்திற்கு நெகிழ்த்தி, உடைந்த செங்கல்லையும் சுண்ணாம்புக் காரையையும் பொறுக்கி எடுத்துவிட்டு, ஆனி முதல் மழையில் பசுந்தாள் உரப்பயிரான தக்கைப்பூண்டின் விதையை அரைக் கிலோ தூவுங்கள். தண்ணீர் தேங்கினாலும் தாங்கி வளரும் பயிர் அது. 45 நாளில் பூக்கும் தறுவாயில் மடக்கிக் கொத்திவிட்டு, மூன்று வாரம் மக்கவிட்டால், ஆவணிக் கடைசியில் நடவுக்கு இடம் தயாராகிவிடும். அவசரப்பட்டு ஆனியிலேயே கன்று வைக்க வேண்டாம். இந்த ஆண்டு மஞ்சளையும் ஆடிப்பட்டக் காய்கறியையும் விட்டுவிடுங்கள். ஆவணி நடவோடு போதும். நட்ட பிறகு வெறும் மண் வெயிலில் தெரியாதபடி வைக்கோலோ உளுந்துக் கூளமோ மூடாக்காகப் போட்டுவையுங்கள். உங்கள் பகுதியில் அதற்குப் பஞ்சமே இல்லை.

கறிவேப்பிலையின் மஞ்சளும் அதே கட்டட இடிபாட்டின் வேலையாக இருக்கலாம். கொழுந்தில் நரம்பு பச்சையாகவும் நடுப்பகுதி மஞ்சளாகவும் இருந்தால், சுண்ணாம்பு மிகுந்த மண்ணில் இரும்புச் சத்து செடிக்குக் கிடைக்கவில்லை என்று பொருள். ஒரு லிட்டர் தண்ணீரில் 5 கிராம் அன்னபேதி உப்பை (இரும்பு சல்பேட்) கரைத்து, அரை எலுமிச்சம்பழம் பிழிந்து, பத்து நாளுக்கொரு முறையாக மூன்று முறை மாலையில் தெளியுங்கள். புளித்த மோர் ஊற்றச் சொல்வார்கள். கெடுதல் இல்லை, ஆனால் ஒரு செம்பு மோர் ஒரு வண்டிச் சுண்ணாம்பை வெல்லாது. சமையலறைத் தண்ணீர் வெளிவரும் இடத்தில் கிழக்கு ஓரமாக இரண்டு வாழை வைக்கலாம். சலவை இயந்திரத் தண்ணீரை மட்டும் தோட்டத்துக்குத் திருப்பாதீர்கள்.

பப்பாளி மறுபடி வைப்பதாக இருந்தால் கோ 7 போன்ற, பெண் மரமும் இருபால் பூ மரமும் மட்டுமே வரும் இரகத்தைக் கேட்டு வாங்குங்கள். கோ 8 போன்ற இரகங்களில் ஆண் மரமும் பெண் மரமும் தனித்தனியாக வரும். இரண்டே கன்று வைக்கிறவர்களுக்கு இரண்டும் ஆணாகப் போய்விடுவது அரிதன்று. காய்கறிப் பகுதியின் கிழக்கு ஓரத்தில், மேட்டின்மேல் மூன்று கன்றுகள் போதும்.

கன்று வாங்கும்போது பையிலேயே பூவும் காயுமாக நிற்கும் எலுமிச்சையைக் காட்டுவார்கள். அதைத் தொடாதீர்கள். நெடுநாள் பையில் அடைபட்டு வேர் சுருண்டுபோன கன்றுதான் அப்படி அவசரமாகக் காய்க்கும். முழங்கால் உயரமும், தளிர் விடும் நிலையும், ஒட்டுக்குக் கீழே வேறு தளிர் இல்லாமையும் கொண்ட கன்றே நல்லது. அரசுத் தோட்டக்கலைப் பண்ணையில் விசாரித்துவிட்டுப் பிறகு மற்ற இடங்களுக்குப் போங்கள். தொகுப்புக்காரருக்கு முன்பணம் கொடுத்திருந்தால், கொய்யாவையும் எலுமிச்சையையும் மட்டும், அதுவும் ஆவணியில் எடுத்துக்கொள்வதாகச் சொல்லுங்கள். மறுத்தால் முன்பணத்தோடு நட்டம் முடிந்தது. குழியில் தண்ணீர் ஒரு பகலுக்கு மேல் நின்றால், எத்தனை அங்குலம் நின்றது என்று அளந்து எழுதுங்கள். மேடு மட்டும் போதுமா, வடிகால் வாய்க்காலும் வெட்ட வேண்டுமா என்பதை அதை வைத்துத்தான் சொல்ல முடியும்.