கழிவிலிருந்து செடி வளர்க்கத் தவணையில் தொட்டி வாங்கலாமா?

கேள்வி: காய்கறிக்கும் தழைகளுக்கும் ஆகும் செலவு மாதாமாதம் கூடிக்கொண்டே போகிறது. சமையலறைக் கழிவிலிருந்தே செடி வளர்த்து மிச்சம் பிடிக்கலாம் என்று பார்க்கிறேன். தொட்டி, மண், உரம், விதை, கருவி எல்லாம் சேர்ந்த தோட்டத் தொகுப்பு தவணையில் கிடைக்கிறது. பால்கனியில் 4 மணி நேரம் வெயில் விழும். வாங்கலாமா? எதை வளர்த்தால் பணம் மிஞ்சும்?

பதில்: இப்போதைக்கு வாங்காதீர்கள். செலவைக் குறைக்கத் தொடங்கும் வேலைக்கு முதல் நாளே கடன் வேண்டாம்.

கணக்கைப் பணத்தில் போடாமல் புதினாக் கட்டுகளில் போட்டுப் பாருங்கள். இரண்டு தொட்டிப் புதினாவை மாற்றி மாற்றி அறுத்தால் மாதம் 2 கட்டு கிடைக்கும் என்று வைத்துக்கொள்வோம். பழைய வாளியில் ஓட்டை போட்டு, மண் கலவைக்கு மட்டும் 6 கட்டின் விலையைச் செலவழித்தால் 3 மாதத்தில் போட்ட பணம் திரும்பிவிடும். அந்தத் தொகுப்பின் விலை 60 கட்டுக்குச் சமம் என்றால் 30 மாதம் ஆகும். வட்டி தனி. செலவு 6 மாதத்துக்குள் திரும்பாது என்று தெரிந்தால் அதைத் தள்ளிவைப்பதே நல்லது.

எதை வளர்ப்பது? கட்டாக வாங்கி, கொஞ்சம் எடுத்து, மீதி அழுகிக் குப்பைக்குப் போகிறதே, அதைத்தான் வளர்க்க வேண்டும். செடியில் இருந்தால் தேவைக்கு நாலு இலை பறித்தால் போதும். உண்மையான மிச்சம் இங்கேதான் இருக்கிறது.

முதல் மாதம் வெங்காயத்தாளோடு தொடங்குங்கள். செலவே இல்லை. வேரோடு 3 செ.மீ. வெள்ளைத் தண்டை விட்டு வெட்டி, டம்ளரில் நிறுத்தி, வேர் மட்டும் நனையும் அளவு தண்ணீர் ஊற்றுங்கள். ஓரிரு நாளில் வெட்டிய இடத்தில் உள்வளையம் மட்டும் சில மில்லிமீட்டர் மேலே தள்ளிக்கொண்டு நிற்கும். அதுதான் புதுத் தாள். தண்டு முழுவதும் மூழ்கினால் வழவழப்பாகி நாறும். தண்ணீரையும் தினமும் மாற்றுங்கள். இரண்டு அறுப்புக்குப் பிறகு தாள் மெலியும். தண்டில் சேர்ந்திருந்த சத்து தீர்ந்துவிட்டது என்று பொருள். மண்ணுக்கு மாற்றிவிடுங்கள்.

அடுத்தது புதினா. பூக்காத, தடித்த தண்டாக 10 செ.மீ. எடுத்து, ஒரு கணுவுக்குக் கீழே வெட்டி, கீழ்ப்பாதி இலைகளைக் கிள்ளிவிடுங்கள். தண்ணீரில் வைத்தால் ஒன்றிரண்டு வாரத்தில் கணுவிலிருந்து வெள்ளை வேர் வரும். அது 2-3 செ.மீ. ஆனதும் நட்டுவிட வேண்டும். வாரக்கணக்கில் தண்ணீரிலேயே கிடந்த வேர் மண்ணுக்குப் பழகத் திணறும். அறுக்கும்போது மண்ணுக்கு மேல் இரண்டு கணு விட்டால்தான் மறுபடி தழைக்கும். புதினாவோடு வேறு எதையும் நடாதீர்கள். வேரோடி இடம் முழுவதையும் பிடித்துக்கொள்ளும்.

கொத்தமல்லியில் தண்டை நம்பாதீர்கள், அஞ்சறைப்பெட்டியில் இருக்கும் முழு மல்லியை எடுங்கள். முதலில் 10 விதையை ஈரத்துணியில் சுற்றிச் சோதியுங்கள். ஒன்றிரண்டு மட்டும் முளைவிட்டால், அந்த மல்லி பழசு. நல்லதை இரண்டாக உடையும்படி லேசாகத் தேய்த்து, இரவு ஊறவைத்து, 1 செ.மீ. ஆழத்தில் தூவுங்கள். முளைக்க 7 முதல் 15 நாள் ஆகும். முளைத்த பிறகு பிடுங்கி மாற்றாதீர்கள், ஆணிவேர் அறுந்து வாடும். கடும் வெயில் காலத்தில் இலை சிறுத்துப் பூத்துவிடும் என்பதால் அப்போது விதைப்பது வீண்.

உருளை, இஞ்சி, தக்காளி மூன்றும் ஆசை காட்டும். இஞ்சி 8 மாதத்துக்கு மேல் தொட்டியைப் பிடித்துக்கொள்ளும். உருளைக்கு ஆழமான மண் வேண்டும், அந்த மண்ணின் விலைக்கே கிழங்கு வாங்கிவிடலாம். தக்காளிக்கு 6 மணி நேர நேரடி வெயில் வேண்டும், உங்களிடம் இருப்பது 4. கேரட்டின் தலைப்பகுதியை நட்டால் இலை வரும், பூ வரும், கேரட் வராது. பலர் ஏமாறுவது இதில்தான்.

உரமும் வீட்டிலேயே ஆகும். ஓட்டை போட்ட வாளியில் ஒரு பங்கு காய்கறித் தோலுக்கு மூன்று பங்கு காய்ந்த இலை என்று அடுக்கி, வாரம் ஒருமுறை கிளறினால் 2-3 மாதத்தில் மண்வாசனையோடு பொடியும். அழுகல் நாற்றம் வந்தால் ஈரம் கூடிவிட்டது, இன்னும் காய்ந்த இலை சேருங்கள். எண்ணெய்ப் பண்டம், இறைச்சி வேண்டாம். பச்சைத் தோலை நேராகச் செடித் தொட்டியில் கொட்டுவதும் வேண்டாம். ஈ மொய்க்கும், அழுகும் சூட்டில் வேர் கெடும்.

நோட்டில் ஒரு பக்கம் ஒதுக்கி, விளைந்ததை விட்டுவிட்டு, கடையில் வாங்காமல் விட்டதை மட்டும் எழுதுங்கள். நிறைய வளர்ந்திருக்கிறதே என்று கூடுதலாகச் சமைத்தது மிச்சத்தில் சேராது. அந்தத் தொகையை மாதக் கடைசியில் தனிக் கணக்கில் போடுங்கள், இல்லாவிட்டால் கைச்செலவில் கரைந்துவிடும். அடுத்த தொட்டிக்கான மண்ணை அந்தக் கணக்கிலிருந்து மட்டுமே வாங்குங்கள்.