எலிசபெத் பிரிட்டனின் பாசிகள் – கடிதம்

அன்புள்ள ஐயா,

நியூயார்க் தாவரவியல் தோட்டம் பற்றிய உங்கள் குறிப்பில் அமெரிக்கப் பாசியியலாளர் எலிசபெத் பிரிட்டனை ஒரே வரியில் சொல்லிவிட்டுப் போய்விட்டீர்கள். நான் திண்டுக்கல்லில் எம்.எஸ்ஸி. தாவரவியல் படிக்கிறேன். பாசிகளில் ஆய்வு செய்ய ஆசை. அவரைப் பற்றித் தேடிப் படித்தபோது மனம் சோர்ந்துபோனது. கணவர் அந்தத் தோட்டத்தின் இயக்குநர். இவருக்கோ சம்பளமில்லாத கௌரவப் பதவி. கணவரால் கிடைத்த இடம்தானே அது? ஆயுள் முழுக்கக் கூலியில்லாமல் உழைத்ததை நாம் கொண்டாடலாமா? வீட்டிலும் "பாசியைப் படித்து என்ன செய்யப்போகிறாய்" என்று கேட்கிறார்கள்.

அன்புடன்,
எஸ்.

அன்புள்ள எஸ்.,

ஒரே வரியில் கடந்தது என் தவறு. இப்போது விரிவாகவே சொல்கிறேன்.

கணவரால் கிடைத்த இடமா என்று கேட்டிருக்கிறீர்கள். ஆண்டுகளை வரிசையாக வைத்துப் பாருங்கள். எலிசபெத் நைட் (திருமணத்துக்கு முன் அதுதான் பெயர்) 1858-இல் நியூயார்க்கில் பிறந்தார். தாத்தாவுக்குக் கியூபாவில் கரும்புத் தோட்டமும் மரச்சாமான் தொழிற்சாலையும் இருந்ததால் சிறுவயதில் பாதி அங்கே கழிந்தது. 17 வயதில் ஆசிரியப் பயிற்சிக் கல்லூரியில் தேறி அங்கேயே வேலைக்குச் சேர்ந்தார். 1879-இல் டாரி தாவரவியல் சங்கத்தில் உறுப்பினரானார். பாசிக்கு விதை கிடையாது, நுண்வித்துகள் நிறைந்த சிறு பை உண்டு, அதுதான் வித்துறை. யூஸ்டிகியம் என்ற பாசியில் அதுவரை யாரும் பார்த்திராத வித்துறையை 1883-இல் கண்டு விவரித்து எழுதினார். திருமணம் நடந்தது 1885-இல். மணமகன் நதானியேல் பிரிட்டன் அப்போது கொலம்பியா கல்லூரியில் நிலவியல் துறை உதவியாளர்! பாறைகளைப் படித்துவந்தவர் பிறகுதான் முழுமையாகச் செடிகளின் பக்கம் வந்தார். 1888-இல் இருவரும் லண்டன் கியூ தாவரவியல் தோட்டத்துக்குப் போனார்கள். இப்படி ஒன்று நம் ஊரில் ஏன் இல்லை என்ற கேள்வியோடு எலிசபெத் திரும்பினார். நியூயார்க் தோட்டம் 1891-இல் உருவானதற்கு அந்தக் கேள்வியும் ஒரு காரணம். கணவர் அதன் இயக்குநரானது 1896-இல்.

இங்கே ஒரு சிறு விளக்கம். தமிழில் எல்லாவற்றையும் பாசி என்றே சொல்லிவிடுகிறோம். குளத்துப் படிக்கட்டில் காலை வழுக்கிவிடுவது ஆல்கா. மழைக்காலத்தில் கிணற்றுச் சுவரில் பச்சை வெல்வெட் போல ஒட்டிக்கொண்டிருப்பதுதான் மாஸ், எலிசபெத்தின் பாசி. அதற்கு உண்மையான வேர் கிடையாது, பூ கிடையாது. காய்ந்து சுருண்டு கிடக்கும், ஒரு சொட்டு நீர் பட்டால் இலை விரியும். காகித உறையில் பல பத்தாண்டுகள் கிடந்த மாதிரியைக்கூட நனைத்தால் இலைகள் பழைய வடிவத்துக்கு விரிந்துவிடும், நுண்ணோக்கியில் வைத்துப் பார்க்கலாம். நூறு ஆண்டுக்கு முன் ஒருவர் பறித்த செடியை இன்று உங்கள் மேசையில் மறுபடி விரித்துப் பார்க்க முடிகிறது என்பது எனக்கு இன்றும் வியப்புதான்.

எலிசபெத்தின் பெரிய சாதனை இந்த உறைகளில்தான் இருக்கிறது. ஒரு பாசிக்குப் புதுப்பெயர் வைப்பதற்கு முன், ஏற்கெனவே பெயர் வைத்த மாதிரிகளோடு அதை ஒப்பிட வேண்டும். அந்த மாதிரிகளில் பெரும்பகுதி அன்று ஐரோப்பாவில் இருந்தது. எலிசபெத் செல்வந்தர்களிடம் போய் 6,000 டாலர் திரட்டி, சுவிட்சர்லாந்துக்காரரான ஆகஸ்ட் யேகரின் பாசித் தொகுப்பை 1893-இல் கொலம்பியாவுக்கு வாங்கச் செய்தார். 1906-இல் வில்லியம் மிட்டன் இறந்தபின் அவருடைய தொகுப்பும் நியூயார்க்குக்கு வந்துசேர்ந்தது. மிட்டன் இங்கிலாந்தில் ஒரு சிற்றூரில் மருந்துக்கடை வைத்திருந்தவர், இயற்கையியலாளர் ஆல்ஃபிரட் வாலஸின் மாமனார். இந்தியப் பாசிகளை 1859-இலேயே விரிவாகப் பதிவு செய்தவரும் அவர்தான். நம் நீலகிரியில் பறித்த பாசிகளும் அதில் உண்டு.

அப்புறம் எலிசபெத் ஆட்களைச் சேர்த்தார். ஏபல் க்ரௌட் அவரிடம் பாசியியல் படித்து முனைவரானார். இருவரும் சேர்ந்து 1898-இல் பாசி ஆர்வலர்களுக்கு ஒரு சங்கம் தொடங்கினார்கள். அமெரிக்கப் பாசியியல், லைக்கனியல் சங்கமாக அது இன்றும் இயங்குகிறது. எலிசபெத் எழுதிய கட்டுரைகள் 346, அதில் பாதியளவு பாசிகளைப் பற்றியவை. ராபர்ட் வில்லியம்ஸ் என்பவர் தங்க வேட்டைக் காலத்தில் கனடாவின் யூக்கான் பகுதிக்குப் போய்விட்டு, பாசிகளோடு திரும்பிவந்தார். அவற்றில் ஒரு புதுப் பேரினத்துக்கு 1901-இல் பிரையோபிரிட்டோனியா என்று எலிசபெத்தின் பெயரையே வைத்தார்.

சரி, சம்பளத்துக்கு வருகிறேன். உங்கள் கோபம் நியாயமானது. 1893-இல் அமெரிக்கத் தாவரவியல் சங்கத்தைத் தொடங்கிய 25 பேரில் அவர் ஒருவர்தான் பெண். அப்படிப்பட்டவருக்குத் தோட்டம் தந்தது கௌரவக் காப்பாளர் என்ற பட்டம், அதுவும் 1912-இல். ஆராய்ச்சி மாணவர்களை வழிநடத்தியவருக்குப் பல்கலைக்கழகத்தில் ஒரு பதவி கிடையாது. வசதியுள்ள குடும்பம் என்பதால் தாக்குப்பிடித்தார். வசதியில்லாத எத்தனை பெண்கள் அந்த வாசலோடு திரும்பியிருப்பார்கள் என்று நினைத்தால் மனம் கனக்கிறது. அவருடைய வேலையைக் கொண்டாடுங்கள், அந்த ஏற்பாட்டைக் கொண்டாட வேண்டாம். உதவித்தொகை இல்லாத ஆய்வு இடம் யார் தந்தாலும் நீங்கள் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

1934 பிப்ரவரியில் அவர் காலமானார். நான்கு மாதத்தில் கணவரும் போய்விட்டார்.

வீட்டில் கேட்பவர்களுக்கு உடனே பதில் சொல்லியாக வேண்டும் என்றில்லை. நீங்கள் இருக்கும் இடத்தை மட்டும் யோசித்துப் பாருங்கள். கொடைக்கானலை ஒட்டிய செண்பகனூரில் இருந்த இயேசு சபைப் பாதிரியார் ஃபோரோ, பழனிமலைப் பாசிகளின் பட்டியலை 1961-இல் வெளியிட்டார். கொடைக்கானல் உங்களுக்குச் சில மணி நேரப் பேருந்துப் பயணம். அந்தப் பட்டியலைக் கல்லூரி நூலகத்தின் வழியாகக் கேட்டுப் பெறுங்கள். பத்து மடங்கு பெருக்கும் கைலென்ஸ் ஒன்று, பழைய செய்தித்தாளில் மடித்த உறைகள், ஒரு பென்சில் போதும். காட்டுக்குள் போவதென்றால் வனத்துறை அனுமதியை முன்பே வாங்கிவிடுங்கள். ஒவ்வோர் உறையிலும் தேதி, இடம், உயரம், பாறையா மரப்பட்டையா மண்ணா என்பதை அங்கேயே எழுதிவிடுங்கள். வித்துறை உள்ளதாகப் பார்த்து எடுங்கள், இனம் காண அது மிகவும் உதவும். கொஞ்சமாக எடுங்கள். முதல் உறையில் என்ன இருந்தது என்று எனக்கும் எழுதுங்கள்.