பிக் சாயும் இடம்

அன்புள்ள ஐயா,

நான்கு ஆண்டுகளாக கிட்டார் வாசிக்கிறேன். ஜிப்சி ஜாஸ் கேட்ட பித்தில் மூன்று மாதமாக ரெஸ்ட் ஸ்ட்ரோக் பழகுகிறேன், அதாவது பிக்கால் (கம்பியை மீட்டும் சிறு தகடு) கம்பியைக் கீழ்நோக்கி மீட்டி, அதை அடுத்த கம்பியில் சாய விடும் முறை. கீழும் மேலும் மாறிமாறி மீட்டும் ஆல்டர்நேட் பிக்கிங்கில் சரளமாக வந்த ஸ்கேல்கள்கூட (ஸ்வர வரிசைகள்) இப்போது தடுக்குகின்றன, அதுவும் அவரோகணமாக இறங்கும்போது. மணிக்கட்டு இறுகிப்போகிறது. ஒலி மட்டும் முன்பைவிட நன்றாக இருக்கிறது. தொடரலாமா, விட்டுவிடலாமா?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

ஒலி நன்றாக இருக்கிறது என்கிறீர்கள். அப்படியென்றால் விடாதீர்கள். இந்த முறையைப் பழகுவதே அதற்காகத்தான்.

மணிக்கட்டு இறுகுகிறது என்றால், பிக்கை அடுத்த கம்பிவரை நீங்கள் தள்ளிக்கொண்டு போகிறீர்கள் என்று நினைக்கிறேன். தள்ள வேண்டாம், விழ விடுங்கள். கையின் எடையே அதைக் கம்பியைத் தாண்டிக் கொண்டுபோகும், அடுத்த கம்பி தாங்கிக்கொள்ளும். அப்படிச் சாய்ந்து நிற்கிற கணத்தில் கை முழுக்கத் தளர்ந்திருக்க வேண்டும். பலரும் அப்போதுதான் அடுத்த அப் ஸ்ட்ரோக்குக்காகத் (மேல்நோக்கி மீட்டுவது) தசையை இறுக்குகிறார்கள். நானும் முதல் ஆண்டு முழுக்க அப்படித்தான் வாசித்தேன். சாய்வதை உண்மையிலேயே ஓய்வாக எடுத்துக்கொண்ட பிறகுதான் என் முன்கை வலி போனது.

ஜிப்சி ஜாஸின் முன்னோடிக் கிட்டார் கலைஞர் ஜாங்கோ ரைன்ஹார்ட் என்றதும் எல்லோரும் 1928 தீ விபத்தையும் அதில் காயமடைந்த அவருடைய இடது கையையும்தான் பேசுகிறார்கள். எனக்கு அவருடைய வலது கைதான் பெரிய ஆச்சரியம். 1934இல் பாரிஸில் தொடங்கிய அவருடைய குழுவில் ஸ்டெஃபான் கிராப்பெல்லியின் வயலின், இரண்டு ரிதம் கிட்டார்கள், ஒரு பாஸ். அத்தனைக்கும் நடுவே அவர் கிட்டார் தனித்துக் கேட்கிறது! கம்பியை முழு எடையோடு கடந்துபோகும் டவுன் ஸ்ட்ரோக் இல்லாமல் அது முடியாது.

சரி, உங்கள் ஸ்கேலுக்கு வருகிறேன். கம்பி மாறும்போதெல்லாம் டவுன் ஸ்ட்ரோக் என்பது விதி. தடித்த கம்பியிலிருந்து மெல்லிய கம்பிக்குப் போகும்போது பிக் ஏற்கெனவே அங்கேதான் சாய்ந்திருக்கிறது, அப்படியே கீழே அழுத்தினால் போதும். திரும்பி, அதாவது ஸ்கேலில் இறங்கி, வருவதுதான் பாடு. ஒரு கம்பியில் மூன்று ஸ்வரம் என்றால் டவுன், அப், டவுன் என்று முடியும். பிக் இரண்டு கம்பிகளுக்கு நடுவே சிக்கி நிற்கும். அங்கிருந்து எடுத்து, வாசித்த கம்பியையும் மேலே இருக்கும் தடித்த கம்பியையும் தாண்டி, அதன் மறுபக்கம் போய் மீண்டும் டவுன் போட வேண்டும். இரண்டு ஸ்வரம் என்றால் அப் ஸ்ட்ரோக் தானாகவே வெளியே கொண்டுவந்து விட்டுவிடும். உங்களுக்குத் தடுக்குவது இங்கேதான் இருக்கும். பழைய விரல் அமைப்பை அப்படியே கொண்டுவராதீர்கள். இறங்கும்போது கம்பிக்கு இரண்டு அல்லது நான்கு ஸ்வரமாகப் பிரித்துப் பாருங்கள்.

அப்புறம், உள்ளங்கையைப் பிரிட்ஜில் (கம்பிகளைத் தாங்கும் பட்டை) ஊன்றாதீர்கள். மணிக்கட்டு சற்று வளைந்து, கை மிதக்கட்டும். கொஞ்ச நாள் ஸ்கேலை ஒதுக்கிவிட்டு, இடது கையே இல்லாமல் திறந்த கம்பிகளில் மட்டும் டவுன் ஸ்ட்ரோக் போடுங்கள். ஒவ்வொரு முறையும் பிக் சாய்ந்ததும் நின்று, தோள்வரை தளர்ந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு அடுத்ததற்குப் போங்கள். முதல் கம்பிக்கு, அதாவது மிக மெல்லிய கம்பிக்கு, கீழே சாய வேறு கம்பி இல்லை, அங்கேயும் அதே எடையோடுதான் விழ வேண்டும். வலி எடுத்தால் அன்றைக்கு அதோடு கிட்டாரைக் கீழே வைத்துவிடுங்கள்.