கேம்பர் வேனை யார் யார் ஓட்டலாம்?

கேள்வி: நண்பர்கள் நான்கு பேர் பிப்ரவரியில் நியூசிலாந்தின் தென் தீவைக் கேம்பர் வேனில் (உள்ளேயே படுத்துத் தூங்கும் வசதியுள்ள வேன்) சுற்றப் போகிறோம். கிறைஸ்ட்சர்ச்சில் எடுத்து டெக்காபோ, குயின்ஸ்டவுன், மில்ஃபோர்ட் சவுண்ட் வரை. வேன் என் பெயரில். "இன்டர்நேஷனல் லைசன்ஸ் இல்லாவிட்டால் சாவியே தர மாட்டார்கள், தலைக்கு 7,000 ரூபாய் கொடுங்கள், ஆன்லைனில் நானே எடுத்துத் தருகிறேன், நான்கு பேரும் மாற்றி மாற்றி ஓட்டலாம்" என்கிறார் ஏஜென்ட். நம்பலாமா? - வாசகர், ஈரோடு

பதில்: பணத்தைக் கொடுத்துவிடாதீர்கள். நியூசிலாந்தில் சுற்றுலாப் பயணி ஓட்டுவதற்குத் தேவை, அவருடைய சொந்த நாட்டு லைசன்ஸ். அது காலாவதியாகாமல், ஆங்கிலத்தில் இருக்க வேண்டும். நம் ஆர்.டி.ஓ. தரும் ஸ்மார்ட் கார்டு ஆங்கிலத்தில்தான் இருக்கிறது. சாலையிலும் நம்மைப் போலவே இடப்பக்கம்தான் போகிறார்கள்.

ஏஜென்ட் சொல்வதில் உண்மை ஒரு துளி உண்டு. லைசன்ஸ் ஆங்கிலத்தில் இல்லாதவர்களுக்கு இன்டர்நேஷனல் பெர்மிட்டோ (ஏஜென்ட் இன்டர்நேஷனல் லைசன்ஸ் என்பது இதைத்தான்) அங்கீகரிக்கப்பட்ட மொழிபெயர்ப்போ கட்டாயம். உங்கள் நால்வரில் யாராவது வேறு மாநிலத்தில் லைசன்ஸ் எடுத்தவராகவோ, பழைய புத்தக வடிவ லைசன்ஸை இன்னும் வைத்திருப்பவராகவோ இருந்தால், அதில் எல்லா விவரமும் ஆங்கிலத்தில் உள்ளதா என்று வரி வரியாகப் பாருங்கள். ஒரு முத்திரை மட்டும் ஆங்கிலத்தில் இருந்தால் போதாது. எந்த வகை வண்டி ஓட்டலாம், எந்தத் தேதி வரை என்பதை அங்கே கவுண்டரில் நிற்பவர் படிக்க முடிய வேண்டும். எல்.எல்.ஆர். வைத்திருப்பவர் இந்தக் கணக்கிலேயே வர மாட்டார். சட்டம் கேட்காவிட்டாலும் சில வாடகைக் கம்பெனிகள் பெர்மிட் கேட்கலாம், அதனால் ஒப்பந்தத்தைப் படித்துவிட்டு முடிவெடுங்கள்.

பெர்மிட் தேவைதான் என்றால் ஆர்.டி.ஓ.வில் எடுங்கள். படிவம் 4ஏ, அரசுக் கட்டணம் 1,000 ரூபாய், ஒரு வருடம் செல்லும். ஏஜென்ட் ஆன்லைனில் எடுத்துத் தருவது பெரும்பாலும் பளபளப்பான அட்டையில் அச்சடித்த வெறும் மொழிபெயர்ப்பு, எந்த அரசும் கொடுத்ததல்ல. இவர்கள் பிழைப்பு ஓடுவதற்கு நம் அலுவலகங்களும் ஒரு காரணம். விண்ணப்பம் ஆன்லைன் என்பார்கள், அப்புறம் அசலைக் கொண்டு நேரில் வா என்பார்கள். போனால் கேட்டுக்கு எதிரிலேயே புரோக்கர் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார். அலுத்துப்போய்த்தான் மக்கள் 7,000 கொடுக்கிறார்கள்.

இன்னொன்று: இங்கே போலீசுக்கு போனில் லைசன்ஸைக் காட்டிப் பழகிவிட்டோம். அங்கே அசல் கார்டு கையில் இருக்க வேண்டும்.

உங்கள் உண்மையான ஆபத்து "மாற்றி மாற்றி ஓட்டலாம்" என்ற பேச்சில் இருக்கிறது. வாடகை ஒப்பந்தத்தில் பெயர் இருப்பவர் மட்டுமே ஓட்டலாம். பெயர் இல்லாத நண்பர் பத்து நிமிடம் ஓட்டும்போது இடித்தாலும் இன்சூரன்ஸ் கை விரித்துவிடும், முழுச் செலவும் வேனை எடுத்த உங்கள் தலையில். கூடுதல் டிரைவருக்குக் கட்டணம் கேட்டால் கொடுத்துவிடுங்கள். ஓட்டப்போகிற எல்லோரும் லைசன்ஸோடு கவுண்டருக்குப் போய்ப் பெயரை எழுத வையுங்கள்.

"ஃபுல் இன்சூரன்ஸ்" என்று ஏஜென்ட் எதையாவது விற்றால், அதில் என்ன அடங்கும் என்று விசாரித்த பிறகே வாங்குங்கள். வாடகைக் கம்பெனி நேரடியாகத் தரும் திட்டம் வேறு, நடுவில் இருப்பவர் விற்பது வேறு. இரண்டாவதில் சேதத்துக்கு முதலில் நீங்கள் கட்ட வேண்டும், பிறகு விண்ணப்பித்துத் திரும்ப வாங்க வேண்டும். அதற்குள் வாடகைக் கம்பெனி உங்கள் கிரெடிட் கார்டில் சில ஆயிரம் டாலரை டெபாசிட்டாக முடக்கி வைத்திருக்கும். பல கம்பெனிகள் இதற்கு ஃபோரெக்ஸ் கார்டை ஏற்பதில்லை. வேன் மேல்கூரை, அடிப்பாகம், தவறான எரிபொருள் ஊற்றியது, வேறு வண்டி மோதாமல் தானாகக் கவிழ்ந்தது, இவற்றுக்கெல்லாம் பல திட்டங்களில் பணம் கிடைக்காது. குயின்ஸ்டவுன் பக்கத்து ஸ்கிப்பர்ஸ் என்ற குறுகலான மலைச்சாலையில் வாடகை வண்டியை ஏற்றினால் பாதுகாப்பு எதுவும் இருக்காது. டீசல் வேன் என்றால் கிலோமீட்டர் கணக்கில் சாலைப் பயன்பாட்டுக் கட்டணமும் கடைசியில் பில்லில் வரும், ஏஜென்ட் காட்டிய விலையில் அது இருக்காது.

வண்டி மோதிக் காயம் பட்டால் அந்நாட்டு அரசின் ஏ.சி.சி. திட்டம் சுற்றுலாப் பயணிக்கும் சிகிச்சைச் செலவில் உதவும். காய்ச்சல், நெஞ்சு வலிக்கு உதவாது. அதற்கு டிராவல் இன்சூரன்ஸ் வேறு வேண்டும்.

ஏஜென்டிடம் இன்னும் ஒரு கேள்வி கேளுங்கள்: வேனில் எத்தனை பேருக்குப் படுக்கை, எத்தனை சீட் பெல்ட், கழிவறையும் நீர்த்தொட்டியும் தனக்குள்ளே உள்ள வண்டி என்று சான்று தரும் பச்சை அட்டையில் எத்தனை பேர்? இந்த மூன்றும் நான்காக இருக்க வேண்டும். இரண்டு பேருக்கான அட்டையோடு நான்கு பேர் கட்டணமில்லாத இடங்களில் தங்கினால் அபராதம் விழும், அது நேராக வேனை எடுத்தவர் பெயருக்கு வரும். பதிலை வாட்ஸ்ஆப்பில் எழுதித்தரச் சொல்லுங்கள், வாய்ப்பேச்சு வேண்டாம்.